அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியை எப்படி எடைபோடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். இன்னும் நான்கு நாளில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பகலில் வீட்டில் யாரும் இல்லை. மூன்று ஏஜென்சிகளிடம் பேசியிருக்கிறீர்கள். முதலாமவர் போனிலேயே கட்டணத்தைச் சொல்லி, "நாளைக்கே ஆள் வரும்" என்கிறார். இரண்டாவது பெரிய நிறுவனம். செயலி, கையேடு எல்லாம் உண்டு. மூன்றாவது சிறிய இடம். நோயாளியையும் வீட்டையும் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்கிறார்கள். மூவருமே நன்றாகத்தான் பேசுகிறார்கள், எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நர்ஸ். வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பவர்களை மேற்பார்வை செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். பிறகு என் அம்மா படுத்த படுக்கையானபோது, ஏஜென்சிக்குப் பணம் கட்டும் மகளாகவும் இருந்தேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வரப்போகிற ஆள் நல்லவரா என்பதைப் பற்றித்தான் எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. அது முக்கியம்தான். ஆனால் நல்ல ஆள் ஒருவரை, தெரிந்தவர்களிடம் விசாரித்து நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். பிறகு ஏஜென்சிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது எதற்காக? அந்த ஆள் வராத நாளில் யார் வருவார், அவர் செய்வது சரிதானா என்று யார் வந்து பார்ப்பார், இரவில் ஏதாவது ஆனால் யார் போனை எடுப்பார் என்ற மூன்றுக்கும்தான். உங்கள் கேள்விகளை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

அம்மாவுக்கு முதலில் வந்த பெண் தங்கமானவர். எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது நாள் அவர் வீட்டில் ஏதோ அவசரம், வர முடியவில்லை. ஏஜென்சி ஒரு மணி நேரத்தில் வேறொருவரை அனுப்பியது. அம்மாவுக்கு விழுங்குவதில் சிரமம், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் புதியவரிடம் யாரும் சொல்லவில்லை. தாகம் என்று அம்மா கேட்க, படுத்திருந்த நிலையிலேயே சாதாரணத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் நுரையீரலுக்குள் போய் இருமல், மூன்றாம் நாள் காய்ச்சல், அப்புறம் நிமோனியாவோடு மருத்துவமனை. அந்தப் பெண்மீது எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர். தெரிய வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பியவர்கள்மீதுதான் என் கோபம். அன்றிலிருந்து யார் என்னிடம் ஏஜென்சி பற்றிக் கேட்டாலும், "மாற்று ஆள் வரும்போது என்ன நடக்கும்?" என்பதைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன்.

சரி, அதற்கு முன்னால் உங்கள் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவுக்கு என்னென்ன உதவி தேவை என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் 1963-ல் தன் குழுவினரோடு வகுத்த ஒரு முறை இதற்கு இன்றும் கைகொடுக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறே விஷயம். ஒவ்வொன்றிலும் அப்பா தானாகச் செய்வாரா, கொஞ்சம் கைகொடுத்தால் போதுமா, முழுக்க அடுத்தவர்தான் செய்ய வேண்டுமா என்று குறியுங்கள். வார்டில் இருக்கும் நர்ஸிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டே எழுதுங்கள். வீட்டார் எழுதுவது பெரும்பாலும் அப்பா மூன்று மாதத்துக்கு முன் இருந்த நிலையாகத்தான் இருக்கும். அந்தத் தாளோடு மருந்துப் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி, விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, முடிவு என்ன என்ற குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கல் சோதனை செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால், செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தத் தாளை எழுதும்போதே இன்னொன்றும் தெளிவாகிவிடும். உங்களுக்கு வேண்டியது நர்ஸா, பராமரிப்பாளரா? குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, நடக்கக் கைகொடுப்பது எல்லாம் பயிற்சி பெற்ற பராமரிப்பாளரின் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது, மருந்தின் விளைவைக் கவனித்து டாக்டரிடம் பேசுவது எல்லாம் நர்ஸின் வேலை. உங்கள் அப்பாவுக்கு நாள் முழுக்க நர்ஸ் வேண்டியிருக்காது. ஆனால் இன்சுலின் இருக்கிறது. அதை யார் போடுவார், அவருக்கு என்ன தகுதி, அந்த வேலையை அவர் செய்ய உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று ஒவ்வொரு ஏஜென்சியிடமும் நேராகக் கேளுங்கள். "எங்க ஆளுங்க எல்லாமே செய்வாங்க" என்ற பதில் வந்தால் எச்சரிக்கையாகுங்கள். எந்த வேலையை யார் செய்யக்கூடாது என்று சொல்லத் தெரிந்த இடம்தான் ஒழுங்காக நடக்கும் இடம்.

அடுத்து முதல் சந்திப்பு. நோயாளியைப் பார்க்காமல் போனிலேயே ஆளை உறுதி செய்பவர், கையில் யார் சும்மா இருக்கிறாரோ அவரை அனுப்புகிறார் என்றுதான் பொருள். உங்கள் அப்பாவின் எடையும் தெரியாது, எந்தப் பக்கம் பலவீனம் என்பதும் தெரியாது, அவருக்கு ஏற்ற ஆளை எப்படிப் பொறுக்க முடியும்? பார்க்க வருகிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். விற்பனைப் பிரிவு ஆள் வந்தால் வரவேற்பறையிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விடுவார். நர்ஸ் வந்தால் கழிப்பறையைப் பார்ப்பார். கட்டிலின் உயரம், கால் தட்டுகிற மிதியடி, இரவில் விளக்கு எங்கே என்பதையெல்லாம் பார்ப்பார். மருந்துகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்வார். அப்பாவிடமே பேசுவார், என்ன கிழமை என்று கேட்பார், கையை அழுத்திப் பிடிக்கச் சொல்வார். போர்வையை விலக்கிக் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்த்துவிட்டுத்தான் போவார். குதிகாலைப் பார்க்காமல் போன நர்ஸை நான் முழுதாக நம்பமாட்டேன்.

ஏன் குதிகால் என்று கேட்பீர்கள். படுக்கைப்புண் முதலில் தலைகாட்டும் இடங்கள் அவை. எலும்பு துருத்தும் இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுந்து, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தோலும் அதன் அடியில் இருக்கும் சதையும் செத்துப்போவதுதான் படுக்கைப்புண். வந்துவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். சர்க்கரை நோயாளிக்கு இன்னும் மோசம். யாருக்கு இந்த ஆபத்து அதிகம் என்று கணக்கிட பிரேடன் அளவுகோல் என்று ஒன்று 1987-ல் வெளியானது. உணர்வு, ஈரம், நடமாட்டம், நிலை மாற்றிக்கொள்ளும் திறன், சத்துணவு, உராய்வு என்று ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண். மொத்தம் 6 முதல் 23 வரை வரும். குறையக் குறைய ஆபத்து கூடும், 18-ம் அதற்குக் கீழும் வந்தால் கவனம் தேவை. "தோலுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று ஏஜென்சியிடம் கேட்டுப்பாருங்கள். பிரேடன் என்ற பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, ஏதோ ஒரு முறை கைவசம் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம், அழுத்தினாலும் மறையாத சிவப்பு என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். தொட்டுப் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கிறதா, கெட்டித்திருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, நிறம் கொஞ்சம் ஊதாவாகவோ அதிகக் கறுப்பாகவோ மாறியிருக்கிறதா என்று. நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களைப் பராமரிக்க வருகிறவருக்கு இது தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

திருப்பிப் படுக்க வைப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய பொதுக் கணக்கு. மெத்தையையும் உடல்நிலையையும் பொறுத்து டாக்டரோ நர்ஸோ அதை மாற்றலாம். எந்தக் கணக்கானாலும் எழுதி வைத்திருக்க வேண்டும். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் மிதக்க விடத் தெரிந்தவரா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, ஆளைச் சோதிப்பது எப்படி? சான்றிதழைப் பாருங்கள், அடையாள அட்டையைச் சரிபாருங்கள், முன் வேலை பார்த்த இரண்டு வீடுகளின் எண்களை வாங்கிப் பேசுங்கள். இது எல்லாரும் சொல்வது. நான் அதோடு நிறுத்த மாட்டேன். வருகிறவரிடம் இரண்டு மூன்று எளிய கேள்விகள் கேட்பேன். "அப்பாவுக்கு வலது பக்கம் பலவீனம். சட்டை போடும்போது எந்தக் கை முதலில்?" இதைச் செய்து பழகியவர் யோசிக்காமல் சொல்வார்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். "கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். கையைப் பிடித்து இழுப்பேன் என்று சொன்னாலோ செய்துகாட்டினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். பக்கவாதத்தில் தளர்ந்த தோள்பட்டை, பிடித்து இழுத்தால் மூட்டிலிருந்து நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் அவரை வதைக்கும், பயிற்சியும் கெட்டுப்போகும். சக்கர நாற்காலியை நல்ல பக்கத்தில் வைத்து, பிரேக் போட்டு, கால்தாங்கியை மடக்கி, இடுப்பைப் பிடித்து எழுப்புவேன் என்பவரை நம்பலாம். "சாப்பிட்ட பிறகு எவ்வளவு நேரம் உட்கார வைப்பீர்கள்?" என்பதும் நல்ல கேள்வி. குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாத ஆளை மட்டமாக நினைக்க வேண்டாம். கற்றுக்கொள்ளும் மனமிருந்தால் ஒரே நாளில் கற்றுக்கொள்வார். ஆனால் பக்கவாத நோயாளிக்கு என்று சொல்லித்தானே ஆள் கேட்டீர்கள்? இதைச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிய ஏஜென்சியைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

இன்சுலின் போடுகிறவருக்கு இன்னொரு கேள்வி கட்டாயம் உண்டு. "மீட்டரில் சர்க்கரை 60 காட்டுகிறது, அப்பா வியர்த்துப்போய் நடுங்குகிறார், என்ன செய்வீர்கள்?" 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால், வேகமாக உடலில் ஏறக்கூடிய சர்க்கரை சுமார் 15 கிராம் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆம்புலன்ஸ்தான். அப்பாவுக்கு விழுங்குவதிலும் சிரமம் இருந்தால், எந்த வடிவில் சர்க்கரை கொடுப்பது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இப்போது மாற்று ஆளுக்கு வருவோம். ஏஜென்சியிடம் இப்படிக் கேளுங்கள்: காலை ஏழு மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை என்றால் உங்களுக்கு எப்போது தெரியும்? நாங்கள் போன் செய்தபிறகா, அதற்கு முன்பா? மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? கிளம்புவதற்கு முன் அவருக்கு அப்பாவைப் பற்றி யார் சொல்வார்கள், என்ன சொல்வார்கள்? வீட்டில் ஒரு பக்கத்தில் எழுதிய பராமரிப்புக் குறிப்பு இருக்குமா? போன மாதம் உங்களிடம் ஆள் வைத்திருந்த ஒரு வீட்டுக்கு மொத்தம் எத்தனை முகங்கள் போய்வந்தன? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான இடங்களில் தடுமாறுவார்கள். கணக்கு வைத்திருக்கிறவர்கள் தயங்காமல் சொல்வார்கள். முதியவருக்கு, அதுவும் நினைவு கொஞ்சம் மங்கியவருக்கு, வாரத்துக்கு மூன்று புது முகங்கள் வந்து உடை களைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேற்பார்வையைப் பற்றியும் இதே மாதிரி கறாராகக் கேட்க வேண்டும். மேற்பார்வை நர்ஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருவார்? முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவாரா, சொல்லாமலும் வருவாரா? ஒரு நர்ஸின் பொறுப்பில் எத்தனை வீடுகள்? வந்தால் என்ன பார்ப்பார், எங்கே எழுதுவார், எங்களுக்குக் காட்டுவாரா? "தேவைப்பட்டால் வருவார்" என்றால் வரமாட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏஜென்சி கொடுத்திருக்கும் அவசர எண்ணை இரவு பத்து மணிக்குமேல் ஒருமுறை கூப்பிடுங்கள். பொய் சொல்ல வேண்டாம். "உங்களிடம் சேர யோசிக்கிறோம், இந்த நேரத்தில் அப்பா கீழே விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். எடுக்கிறார்களா, எடுப்பவர் நர்ஸா, வெறும் செய்தி வாங்கி வைப்பவரா, திருப்பி அழைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பகலில் பேசும் இனிமையான பேச்சை விட இந்த ஒரு அழைப்பு எனக்கு அதிகம் சொல்லும்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலையும் சொல்லிவிடுகிறேன். விழுந்தவரை அவசரப்பட்டுத் தூக்கக்கூடாது. வலி, காயம், நினைவு எல்லாம் பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். அடிபடாவிட்டாலும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் பலர் இந்த வகை மருந்துகளில் இருப்பார்கள் என்பதால் இது உங்கள் வீட்டுக்கே உரிய விஷயம்.

மறுபடியும் பக்கவாதம் வரலாம் என்பதும் மனதில் இருக்கட்டும். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது – இதில் எது புதிதாக வந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அப்பா கடைசியாக எத்தனை மணிக்குச் சரியாக இருந்தார் என்பதை டாக்டர் முதலில் கேட்பார். பகல் முழுக்கக் கூட இருக்கப் போகிறவர் பராமரிப்பாளர்தான். அந்த நேரத்தைச் சொல்ல அவரால்தான் முடியும்.

அதேபோல, நேற்றுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் இன்று திடீரென்று உளறினால், ஆளை அடையாளம் தெரியாமல் கத்தினால், பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் எழுந்து நடந்தால், அது வயதினால் வருவது என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து என்று காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடியதாகவே இருக்கும். நல்ல ஏஜென்சி அன்றே போன் செய்து "ஏதோ சரியில்லை, டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லும். மோசமான ஏஜென்சி தூக்க மாத்திரை எழுதி வாங்கச் சொல்லும். கட்டிலில் கட்டிவைப்பீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். "சில நேரம் வேறு வழியில்லை" என்று எளிதாகச் சொல்கிற இடத்துக்கு உங்கள் அப்பாவை ஒப்படைக்காதீர்கள்.

பராமரிப்பாளரின் நிலையையும் விசாரியுங்கள். பலர் இதைக் கேட்கவே மாட்டார்கள். நான் கொடுக்கும் தொகையில் அவருக்கு எவ்வளவு போகிறது? எத்தனை மணி நேர டியூட்டி? வார விடுமுறை உண்டா? 24 மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்றால் அவர் எப்போது தூங்குவார்? இரவில் நான்கு முறை எழுந்து திருப்பிப் படுக்க வைத்தவர் பகலில் கண்ணயர்ந்தால் குற்றம் அவருடையதா? தூக்கமில்லாத கை நோயாளியைத் தவறவிடும், மருந்தை மாற்றிக் கொடுக்கும். குறைவாகச் சம்பளம் கொடுக்கும் இடத்தில் ஆட்கள் நிற்க மாட்டார்கள். அடிக்கடி புது முகம் பார்ப்பது அதனால்தான். பெரியவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஏஜென்சி காப்பீடு எடுத்திருக்கிறதா, சட்டப்படி அவருக்கு முதலாளி அவர்களா நீங்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் அவர் உட்கார இடம், சாப்பிட நேரம், கைகழுவ சோப்பு ஆகியவற்றை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. மரியாதையோடு நடத்தப்படுகிறவர்தான் உங்கள் அப்பாவையும் மரியாதையோடு தொடுவார்.

ஒப்பந்தத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம், சில வரிகளை மட்டும் தேடிப் பாருங்கள். முன்பணம் திரும்ப வருமா, நிறுத்த எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அப்பா மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த நாட்களுக்குக் கட்டணம் உண்டா, கையுறை, டயப்பர் யார் செலவு, அந்த ஆளை நீங்கள் நேரடியாக வேலைக்கு வைத்தால் அபராதம் உண்டா என்று பாருங்கள். வாயால் சொன்னது தாளில் இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். பணம், நகை, வங்கி அட்டை விஷயத்தில் முதல் நாளே கோடு போட்டுவிடுங்கள்: கடைக்குப் போனால் ரசீது, அட்டையைக் கொடுப்பதில்லை, அப்பாவிடம் கடன் கேட்பதில்லை. இது சந்தேகத்தால் சொல்வதல்ல. பிற்பாடு ஏதாவது காணாமல் போனால் ஒன்றும் அறியாத ஒருவர்மேல் பழி விழாமல் இருக்க இதுதான் வழி. கேமரா வைக்கிறீர்கள் என்றால் அப்பாவிடமும் வருகிறவரிடமும் சொல்லிவிட்டு வையுங்கள். குளிக்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் எக்காரணத்துக்கும் வேண்டாம்.

இவ்வளவு பேசினோமே, அப்பாவிடம் கேட்டீர்களா? பேச்சு குழறினாலும் விருப்பம் இருக்கும். ஆண் குளிப்பாட்ட வேண்டுமா, பெண் பரவாயில்லையா, எத்தனை மணிக்குக் குளிக்கப் பிடிக்கும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேளுங்கள். ஆயுள் முழுக்கத் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு குளித்த மனிதர் அவர். முதல் சந்திப்பில் வந்தவர் அப்பாவைப் பார்த்துப் பேசினாரா, அவர் தலைக்கு மேலே உங்களிடம் மட்டும் பேசினாரா என்பதை நான் பெரிய மதிப்பெண்ணாக வைத்திருக்கிறேன்.

ஆள் வந்தபிறகு முதல் இரண்டு வாரத்தைச் சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கட்டாயம் விடுப்பு எடுத்து வீட்டில் இருங்கள். நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் கை கழுவுகிறாரா என்று பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சோப்பும் தண்ணீருமாகக் கழுவுவதற்குச் சொல்வது 40 முதல் 60 விநாடி. அப்புறம் ஒருநாள் சொல்லாமல் மதியம் மூன்று மணிக்கு வாருங்கள். குறிப்பேட்டைத் திறங்கள். மாலை ஆறு மணி மருந்துக்கு அப்போதே டிக் போட்டிருந்தால் அந்தக் குறிப்பேட்டில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. நான் மேற்பார்வைக்குப் போன வீடுகளில் முதலில் பார்த்தது அதைத்தான். நகம், வாய்க்குள் சுத்தம், குதிகால், வாரம் ஒருமுறை எடை என்று உடலே உங்களுக்குக் கணக்குக் காட்டும். அந்த ஆள் அறைக்குள் வரும்போது அப்பாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள். பேச முடியாதவர்கள் முகத்தில் சொல்வார்கள்.

சின்னத் தவறுகளுக்கு ஆளை மாற்றாதீர்கள். சொல்லித் திருத்துங்கள், ஏஜென்சிக்கும் எழுதுங்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஆனால் காரணம் சொல்ல முடியாத காயம், விழுந்ததை மறைத்தது, கத்தியது, அடித்தது, மருந்தைக் கொடுக்காமல் கொடுத்ததாக எழுதியது – இவற்றில் ஒன்று நடந்தாலும் அன்றே நிறுத்துங்கள். அப்பா திடீரென்று பயந்து ஒடுங்கினால், தனியாக இருக்கும்போது கேளுங்கள், அவர் சொல்வதை நம்புங்கள்.

உங்கள் மூன்று ஏஜென்சிகளில், முதலாவதை நான் விட்டுவிடுவேன். அப்பா யார் என்றே தெரியாமல் நாளைக்கே ஆள் அனுப்புகிற வேகம் நமக்கு வேண்டாம். இரண்டாவதைச் செயலியைப் பார்த்து எடுக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். மேற்பார்வை நர்ஸின் பெயர், அவர் பொறுப்பில் இருக்கும் வீடுகள், இரவு அழைப்பு ஆகியவற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது இடத்தை நாளைக் காலையே கூப்பிட்டு, மருத்துவமனைக்கே வந்து அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். வருபவர் நர்ஸாக இருந்து வார்டு நர்ஸிடமும் பேசினால் என் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். சிறிய இடம் என்பதால் மாற்று ஆட்கள் குறைவாக இருக்கலாம், ஆகவே அந்தக் கேள்வியை அவர்களிடம் இன்னும் அழுத்திக் கேளுங்கள். ஏற்பாடு முடிய ஓரிரு நாள் கூடுதலாகும் என்றால், டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எப்படியும் கையில் இருக்கும் இந்த நான்கு நாளில், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் இன்சுலின் போடுவதையும் வார்டில் நீங்களே கற்றுக்கொண்டு, நர்ஸ் பார்க்க ஒருமுறை செய்து காட்டுங்கள். ஒருநாள் காலை ஏழு மணிக்கு யாருமே வராவிட்டாலும் அன்றைய பொழுதை உங்களால் பார்த்துக்கொள்ள முடியும்.